பொம்மைக்கு ஒரு கணையம்

என் எலிப்பல்லுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா இன்றைக்கு நலம். நாளைக்கு எப்படி என்பது நாளைக்குத்தான் தெரியும், ஆனால் இன்றைக்கு நிஜமாகவே நலம், அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு, கதவுக்கு இரண்டு பூட்டும் போட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்புவதற்குக் காசா பணமா. போனில் சொன்னால் நான் பாதியிலேயே சிரித்துவிடுவேன், நீ அம்மா அழுகிறாள் என்று நினைத்து அந்தப் பக்கம் அழ ஆரம்பிப்பாய், போன தடவை அப்படித்தான் ஆயிற்று, போன் வழியாக வரும்போது சிரிப்பும் அழுகையும் ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை பார், சிரிக்கிறேன் என்று எழுதினால் சிரிக்கிறேன், அவ்வளவுதான். வீடு அடங்கிவிட்டது, அப்பா குறட்டை விடுகிறார், நாளைக்கு எனக்கு ஆபீஸ் உண்டு, ஆனாலும் இதை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற புத்தி உனக்கு என்னிடமிருந்துதானே வந்தது. அப்பாவுக்கு அடுத்த மருந்து எது என்று இன்றைக்கு முடிவாகிவிட்டது, வருகிற திங்கட்கிழமை ஏற்றுகிறார்கள். முதல் மருந்துக்குக் கணையத்துக் கட்டி மசியவில்லை, கல்லீரலில் இருந்த புள்ளிகள் பெருத்துவிட்டன என்று ஸ்கேன் வந்ததை உனக்குச் சொன்னேன் அல்லவா, அன்றையிலிருந்து உன் அப்பா வாயே திறக்கவில்லை. கோபம் கிடையாது, அழுகை கிடையாது, காலையில் எழுந்து குளித்துத் தன் பல் பட்டறைக்குப் போவார், மெழுகையும் மாவையும் வைத்துக்கொண்டு யார் யாருக்கோ பல் செய்வார், வருவார், படுப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வேளைகூட உப்பைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்ட மனிதர் இல்லை அவர், கம்மி என்பார், தூக்கல் என்பார், சரியாக இருந்தால் இன்றைக்கு எப்படித் தப்பிச்சதுன்னு கேட்பார். நான் ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ஸ்கேனைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை, அந்தக் கழுவின தட்டைப் பார்த்தபோதுதான் வந்தது.

டாக்டர் அன்றைக்கு இரண்டு வழி சொல்லி, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தார். இந்த டாக்டரை நீ பார்த்ததில்லை, என்னைவிட ரெண்டு மூணு வயது சின்னவள், எப்போதும் ஓட்டப்பந்தய ஷூவோடு நிற்பாள், ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு நடந்து போனதை யாரும் பார்த்ததில்லை. நானும் அப்பாவும் அவளுக்கு ஓட்டக்காரி என்றே பெயர் வைத்திருக்கிறோம், அவளிடம் சொல்லிவிடாதே. அவள் சொன்ன இரண்டு வழியிலும் ஃபுளோரோயூராசில் என்று ஒரு மருந்து பொது, அதை ஒரு சின்னப் பம்பில் அடைத்து இடுப்பில் கட்டி வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள், இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக இறங்கும், வீட்டிலேயே சாப்பிடலாம், தூங்கலாம், சண்டை போடலாம். அதோடு கூடச் சேர்க்கிற ஆள் யார் என்பதுதான் கேள்வி. ஒருவர் பெயர் இரினோடெக்கான், கொழுப்பு உறைக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள், இவர் வந்தால் வயிற்றுப்போக்கு, அசதி, ரத்தத்தில் வெள்ளையணு இறங்குவது, தலைமுடி கொட்டினாலும் கொட்டும். இன்னொருவர் பெயர் ஆக்சாலிபிளாட்டின், இவர் வந்தால் கைவிரல் கால்விரலெல்லாம் மரத்துப்போகும், குளிர்ந்த எதைத் தொட்டாலும் ஊசி குத்தும், அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும், மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்குத் திரும்பாது. நான் முதல் ஆளுக்கு வயிற்றுக்காரர், இரண்டாவது ஆளுக்கு விரல்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன், அந்த நீளப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி என் நாக்கே மரத்துவிட்டது.

உனக்குத்தான் தெரியுமே, உன் அம்மா கொள்முதல் பிரிவில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறவள். துடைப்பம் வாங்குவதானாலும் லாரி டயர் வாங்குவதானாலும் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், எல்லாக் கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அட்டவணை கட்டுவது. கட்டினேன். எவ்வளவு நாளைக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம் நாற்காலியில், என்னென்ன படுத்தும், படுத்தினால் என்ன மாத்திரை, எந்தப் படுத்தல் சரியாகும், எந்தப் படுத்தல் தங்கிவிடும். கண் எரிய எரிய ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் படித்தேன், கல்லூரியில் புள்ளியியல் தாளில் தூங்கி வழிந்ததற்கு இப்போது வட்டியும் முதலுமாகக் கட்டினேன். வயிற்றுக்காரரைச் சேர்த்தால் பம்பு மருந்து மட்டும் கொடுப்பதைவிடச் சராசரியில் ஓரிரு மாதம் கூடுகிறது. விரல்காரரை வைத்து நடந்த ஆராய்ச்சியில் ஒன்று பலன் உண்டு என்கிறது, இன்னொன்று அப்படியெல்லாம் இல்லை என்கிறது. இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய பரீட்சை எதுவும் என் கண்ணில் படவில்லை, டாக்டரும் அப்படித்தான் சொன்னாள். ஆபீஸில் என் மேலாளர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார், பாவம் அவருக்கு அது என்ன என்று தெரியாது, பழக்க தோஷத்தில் என்னம்மா ரெண்டுதான் இருக்கு, மூணாவது கொட்டேஷன் இல்லாம ஃபைல் எப்படி நகரும் என்றார். அப்புறம் மேலே எழுதியிருந்ததைப் படித்தார், முகம் வெளுத்துப் போயிற்று, மன்னிச்சுக்கம்மா மன்னிச்சுக்கம்மா என்று சொல்லிக்கொண்டே ஓடிப் போய் எனக்கு டீ வாங்கி வந்தார், அவர் யாருக்கும் டீ வாங்கித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. நான் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தேன், மனிதர் சொன்னதில் என்ன தப்பு, மூணாவது எங்கே, தாளில் மூணாவது பத்திக்கும் கோடு போட்டுக் காலியாக விட்டேன். உன் அத்தை தினமும் போன் போட்டு ஒரு மூணாவது சொல்கிறார்தான், ஒரு நாள் ஏதோ இலைச் சாறு, ஒரு நாள் சுடுதண்ணீர், நேற்றைக்குக் கிழக்கே தலைவைத்துப் படுப்பது. எல்லாக் கொட்டேஷனும் வாய்வார்த்தைதான், ஒன்றிலும் முத்திரை கிடையாது, இருந்தாலும் தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிற அக்கா, சரிங்க அண்ணி என்று கேட்டுக்கொண்டேன். கிழக்கே தலைவைக்கச் சொல்லிக் கட்டிலையும் திருப்பிவிட்டேன், அதில் என்ன நஷ்டம், ஜன்னல் காற்று நன்றாக வருகிறது.

இன்றைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனோம். இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும், போன தடவை நடந்த ஒரு மானக்கேட்டை உனக்கு நான் சொல்லவில்லை. டாக்டர் மேஜை மேலே ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருக்கிறது, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும், வயிற்றைத் திறந்தால் ஈரல், இரைப்பை, குடல் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றலாம். போன தடவை டாக்டர் புள்ளி, பெருத்தது, அடுத்த கட்டம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்குக் காது அடைக்கிறது, உன் அப்பா அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் அவர் கேட்ட ஒரே கேள்வி, டாக்டர் இதுல கணையம் எங்க என்பதுதான். அவள், அது தொலைஞ்சு போச்சு சார், ரொம்ப நாளா வெறும் பள்ளத்தைக் காட்டித்தான் எல்லாருக்கும் விளக்கிட்டு இருக்கேன் என்றாள். இவர் சட்டைப் பையிலிருந்து மெழுகுத் துண்டை எடுத்தார், நர்ஸிடம் கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமாம்மா என்று கேட்டார், மெழுகை இளக்கி அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்தி அளவெடுத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே மேஜைக்கடியில் போய்விடலாம் போல இருந்தது. வெளியே வந்து என்ன இது என்று கேட்டால் மெழுகைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார், அதோடு வாயை மூடினவர்தான்.

இன்றைக்கு நாங்கள் உட்கார்ந்ததும் நான் என் தாளை எடுத்தேன், அவர் தன் பையிலிருந்து ஒரு நீலத் துணிப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு கணையம். பல்செட்டுக்கு ஈறு செய்கிற அதே ரோஸ், அதே பளபளப்பு, தலை வால் எல்லாம் இருக்கிறது, நடுவில் ஓடுகிற குழாயைக்கூட ஊசியால் கீறி வைத்திருக்கிறார். பத்து நாளாக மனிதர் பேசாமல் பட்டறையில் செய்துகொண்டிருந்தது இதைத்தான். பள்ளத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார், க்ளிக் என்று உட்கார்ந்தது. டாக்டர் ஆடிப் போய்விட்டாள், இது கம்பெனி சாமானைவிட நல்லா இருக்கே சார் என்றாள். உன் அப்பா மெதுவாக, பொம்மைக்கு புதுசு மாட்டியாச்சு டாக்டர், எனக்கு எப்போ என்றார். அப்புறம் யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, எலி, அப்படி ஒரு சிரிப்பு, டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறாள், எனக்கு விலா வலிக்கிறது, நர்ஸ் கதவைத் திறந்து என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட்டாள். அப்புறம் அப்பா சொன்னார், விரல் எவ்வளவு திரும்பி வந்திருக்குன்னு பார்க்கத்தான் டாக்டர் செஞ்சேன், போன மருந்துல மரத்துப்போன விரல், ரெண்டு மாசம் முந்தி சட்டைப் பொத்தானே போட வரல, இப்போ முக்கால்வாசி வந்திருக்கு, அந்தக் குழாயைக் கீற முடிஞ்சுதே.

சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, இல்லாவிட்டால் ஜென்மத்துக்கும் கேட்டிருக்க மாட்டேன். என் தாளை நீட்டி, டாக்டர் எங்க ஆபீஸ்ல மூணு கொட்டேஷன் இல்லாம எதையும் முடிவு பண்ண மாட்டோம், மூணாவது பத்தி காலியா இருக்கு, அதுல என்ன எழுதறது என்று கேட்டேன். நான் நினைத்தது வேறே ஏதாவது புது மருந்து, வெளியூர் மருந்து, அப்படி ஒன்றைச் சொல்வாள் என்று. அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். மூணாவது இருக்கு மேடம், எப்பவுமே இருக்கு. இந்த மாதிரி மருந்தே வேண்டாம், வலி வராம பார்த்துக்கறது, சாப்பிட வைக்கறது, தூங்க வைக்கறது, இருக்கற நாளை நல்லா வெச்சுக்கறது. பெரும்பாலும் யாரும் கேக்கறதில்ல, கேக்காததால நாங்களும் அவ்வளவா சொல்றதில்ல, அது எங்க தப்புதான். அதோட முதல் ரெண்டுல எதை எடுத்தாலும் மூணாவதுல இருக்கற கவனிப்பு கூடவே வரும், அதுக்குத் தனியா காத்திருக்க வேண்டாம் என்றாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஆனால் உன் அப்பா விட்டார் பார் ஒரு மூச்சு, பத்து நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு. இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன், நான் கேட்டா இவ நான் கை விட்டுட்டேன்னு நினைச்சுப்பா, அதான் வாயே திறக்கல என்றார். எலி, நான் அந்த மனிதரை உப்பில்லாத சாப்பாடு போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் பேச்சு என்ன பேச்சு. அணை உடைந்த மாதிரி கேட்டார். குணமாகுமா என்று கேட்டார், ஆகாது சார் என்றாள், நேராகவே சொன்னாள். பின்னே எதுக்கு என்று கேட்டார், கட்டியைக் கொஞ்ச காலம் பிடிச்சு நிறுத்தலாம், மாசக் கணக்குதான், சிலருக்கு அதுவும் இல்ல, சிலருக்கு நாங்க எதிர்பார்த்ததைவிடக் கூட, சராசரின்னு ஒரு ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல என்றாள். நீங்க நடமாடறீங்க, சாப்பிடறீங்க, ஈரல் சோதனையும் பரவாயில்ல, அதனாலதான் முதல் ரெண்டையும் சொல்லவே சொன்னேன் என்றாள். மரபணுச் சோதனை முடிவும் வந்துவிட்டது, பரம்பரையாக வருகிற கோளாறு உண்டா என்று தேடிப் பார்த்ததில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் விரல்காரர் பக்கம் சாய ஒரு காரணம் இருந்திருக்கும், இப்போது அதுவும் இல்லை. இதில் உன் அம்மாவுக்கு வேறு ஒரு நிம்மதி, அது என்ன என்று உனக்கே தெரியும், அதைப் பற்றி எழுதினால் சிரிப்பதாக எழுதினாலும் நீ நம்ப மாட்டாய்.

எல்லாம் கேட்டு முடித்து உன் அப்பா என் தாளை வாங்கினார். மூன்று பத்தியையும் ஒவ்வொன்றாக ஒரு பார்வை பார்த்தார், உடனே மடியில் கிடந்த நீலத் துணியைப் பார்த்தார், நிமிர்ந்து, முதலாவது என்றார். வைக்கிற பல்லுக்கு ஒத்த நிறம் எடுக்கும்போது செய்வாரே, அதேதான், நிறத் துண்டைப் பல் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை பார்ப்பார், உடனே கண்ணை ஆற்ற நீலத்தைப் பார்ப்பார், ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தால் கண் களைத்து எல்லா நிறமும் ஒரே நிறமாகிவிடும் என்பார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, இதென்ன யாரோ ஒருத்தர் பல்லா, நான் தூக்கம் கெட்டுப் போட்ட அட்டவணை, கொஞ்சம் நிதானமாப் பாருங்க என்றேன். பல்லுல தப்பு பண்ணா திருப்பிச் செஞ்சுக்கலாம்மா, இதை ரொம்ப நேரம் பார்த்தா என்னால பயப்பட மட்டும்தான் முடியும் என்றார். டாக்டர் ஏன் முதலாவது சார் என்று கேட்டதற்கு, இவ அட்டவணைல ஒரு வரிசை விட்டுப்போச்சு டாக்டர், என் பொண்ணுக்கு முன்பல்லு ஒண்ணு பாக்கி இருக்கு, வயிறு போனா ஓடிப் போயிட்டு வந்து உக்காந்து செய்யலாம், விரல் போனா உக்காந்து என்ன செய்யறது என்றார். அவள் பொம்மையின் ரோஸ் கணையத்தைத் தடவிக்கொண்டே, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனா என் காரணம் இவ்வளவு நல்லா இருந்திருக்காது என்றாள். நாலு தடவை ஏற்றிவிட்டு ஸ்கேன் பார்ப்பது, பலன் இல்லை என்றால், அல்லது அப்பா போதும் என்றால், மூணாவதுக்குப் போவது என்று பேசி முடித்தோம். கிளம்பும்போது உன் அப்பா என்னிடம், அந்த மூணாவது கொட்டேஷனைக் கிழிச்சுடாதே, ஃபைல்ல பத்திரமா வை என்றார். வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி ஒரே சிரிப்பு, பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். பொம்மைக்கு வாரன்ட்டி எவ்வளவு நாள் என்று நான் கேட்க, கடிக்காம இருந்தா ஆயுசுக்கும் என்று அவர் சொல்ல, இப்படியே போயிற்று. பட்டறையின் கழிவறைக்கு வெளிச்சமான பல்பு, கதவுக்கு நல்ல கொக்கி என்று ஏற்பாடெல்லாம் செய்தாகிவிட்டது, வயிறு இளகினதும் உடனே போட வேண்டிய மாத்திரை அவர் சட்டைப் பையில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று, அவர் பட்டறைக் கூட்டாளி மேஜையில் ஒன்று. காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டுமாம், அதற்காகத் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன், ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று வேண்டுமே. மூணாவது வாங்கலையா என்று உன் அப்பா கேட்டார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார், இரண்டு வாய் போட்டார், உப்பு கம்மி என்றார். நான் உப்பு எடுக்கப் போகிறேன் என்று சமையலறைக்குப் போய் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகு நேரம் கழித்து, உப்பு எடுக்கவா போனே, விளைவிக்கவா போனே என்று அங்கிருந்து ஒரு குரல்.

இனி உன் விஷயம். வருஷக் கடைசியில் லீவு என்று சொன்னாய், அதை முன்னால் இழுக்க முடியுமா பார். உன் ரொட்டித் தொழிற்சாலை நீ இல்லாவிட்டாலும் ரொட்டி சுடும். பயப்படச் சொல்லிக் கூப்பிடவில்லை, அப்பா நன்றாக இருக்கிறபோது வா என்றுதான் கூப்பிடுகிறேன், முடியாதபோது வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவதைவிட முடிகிறபோது வந்து அவரோடு வம்பளப்பது எவ்வளவோ மேல், மூணாவது பத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து நீ உடைத்துக்கொண்ட பல்லுக்கு, வளர்கிற ஈறு, இப்போதைக்கு இது போதும் என்று அவர் மாட்டிவிட்ட தற்காலிகப் பல்லோடுதான் இன்னும் திரிகிறாய், நீ அந்த ஊருக்குப் பறக்கிற அவசரத்தில் நல்ல பல் வைக்காமலே போய்விட்டாய், அது அவருக்கு எப்போதும் ஒரு குறை. படம் எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன், படத்துல நிறம் எடுக்கறவன் பல் வேலைக்காரனே இல்ல, முகம் பக்கத்துல வேணும் என்கிறார். பல் டாக்டரிடம் சொல்லி வைத்தாகிவிட்டது, அவர் அளவெடுத்துக் கொடுப்பார், அப்பா செய்வார். மருந்து ஏற்றின வாரம் அசதியாக இருக்குமாம், அதற்கு அடுத்த வாரம் தெம்பு வருமாம், அந்த மாதிரி ஒரு வாரமாகப் பார்த்து டிக்கெட் போடு, எந்த வாரம் என்று நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பல்லால் எதையும் கடிக்காதே, பாட்டில் மூடியைத் திறக்காதே, நீ திறக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ராத்திரி வேலை முடிந்து தனியாக வராதே, அடுப்பை அணைத்தாயா என்று இரண்டு தடவை பார், எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் அப்பாவுக்கு எழுது, கிண்டலாகவே எழுது.

நோய் நொடி உன் பக்கம் தலைவைத்துப் படுக்காமல், நீ நினைத்ததெல்லாம் கைகூடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நூறு வருஷம் இரு என் கண்ணே. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், ராத்திரி வந்து சேருகிற விமானத்தில் போடாதே, காசு கம்மி என்றாலும் வேண்டாம். நிறம் எடுக்கப் பகல் வெளிச்சம் வேண்டுமாம், பட்டறையின் வடக்கு ஜன்னலை இன்றைக்கே துடைத்து வைத்துவிட்டார்.

பகலில் வந்து இறங்கப்போகும் உனக்காகக் காத்திருக்கும்,
உன் அம்மா